மாலையில் ஒன்றரை மணி நேரமே கிடைக்கும் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளைப் பொதுத்தேர்வுக்கு எப்படித் தயார் செய்வது?

கேட்டவர்: தோட்டத்து டீச்சர், பந்தலூர்

அனைவருக்கும் வணக்கம். நான் பந்தலூர் வட்டத்தில் ஒரு தேயிலைத் தோட்டக் குடியிருப்பில் வசிக்கிறேன். கணிதத்தில் பட்டமும் பி.எட். படிப்பும் முடித்துவிட்டு, ஆசிரியர் தகுதித் தேர்வுக்குப் படித்துக்கொண்டே, எங்கள் லயன் வீடுகளிலும் (தொழிலாளர்களின் வரிசை வீடுகள்) பக்கத்துப் பணியர் பழங்குடிக் குடியிருப்பிலும் உள்ள பதினொரு பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு மாலையில் பாடம் சொல்லித் தருகிறேன். அரசின் மாலை நேர இல்லம் தேடிக் கல்வித் திட்டம் பத்தாம் வகுப்புக்கு இல்லாததால், இந்தப் பிள்ளைகளுக்கு எங்கள் பகுதியில் வேறு துணை இல்லை. டியூஷன் என்றால் கூடலூருக்குத்தான் போக வேண்டும்.

பிள்ளைகள் பள்ளி விட்டுப் பேருந்தில் வந்து இறங்க ஐந்து மணி ஆகிவிடுகிறது. யானை நடமாட்டம் இருப்பதால் ஆறரைக்குள் ஒவ்வொருவரும் வீட்டுக்குள் இருந்தாக வேண்டும். மழைக்காலத்தில் விட்ட விடுமுறைகளால் பள்ளியிலும் பாடங்கள் தாமதமாகவே முடிந்திருக்கின்றன. வீட்டுக்குப் போன பிறகு படிக்கலாமே என்றால், ஓர் அறையும் சமையற்கட்டும் மட்டுமே உள்ள வீட்டில், தம்பி தங்கைகளுக்கும் தொலைக்காட்சிக்கும் நடுவில்தான் படிக்க வேண்டும்.

இவை எல்லாவற்றையும்விட என்னைக் குழப்புவது வேறொன்று. இந்தப் பிள்ளைகள் படிக்காதவர்கள் அல்லர். உரக்க, மணிக்கணக்காகப் படிக்கிறார்கள். கண்ணின் குறைபாடுகள் பற்றிய விடையை ஒரு மாணவி என்னிடம் தடங்கலின்றி ஒப்பித்தாள். அதே வினா முதல் திருப்புதல் தேர்வில் வந்தபோது தலைப்பையும் இரண்டு வரிகளையும் எழுதிவிட்டு, கிட்டப்பார்வைக்கும் தூரப்பார்வைக்கும் சேர்த்தே குவிலென்சு என்று முடித்துவிட்டாள்.

பதினொருவரில் மூவர் நல்ல மதிப்பெண் எடுக்கக்கூடியவர்கள். நான்கு பேர் தேர்ச்சியின் விளிம்பில் இருக்கிறார்கள். பள்ளியில் கொடுத்த, தேர்ச்சிக்கு வேண்டிய அளவு பாடம் மட்டுமே உள்ள குறைந்தபட்சக் கற்றல் கையேட்டை மட்டும் எல்லோருக்கும் நடத்தலாமா, அல்லது முழுப் பாடத்தையும் எடுக்க முயல வேண்டுமா? அனுபவமுள்ளவர்கள் வழி சொல்ல வேண்டுகிறேன்.

பதில் 1: ஓய்வுபெற்ற கணக்கு ஆசிரியர், கோத்தகிரி

வணக்கம் அம்மா. கையேடா முழுப் பாடமா என்ற கேள்விக்கு முன்பாக, வினாத்தாளின் அமைப்பைப் பிள்ளைகள் கையில் கொடுத்துவிடுங்கள். கணிதத்தில் ஒரு மதிப்பெண் வினாக்கள் 14. இரண்டு மதிப்பெண் வினாக்கள் 14-இல் 10. ஐந்து மதிப்பெண் வினாக்கள் 14-இல் 10. கடைசியில் வடிவியலுக்கும் வரைபடத்துக்கும் எட்டெட்டு மதிப்பெண் வீதம் 16. தேர்ச்சிக்குத் தேவை 35. ஆக, கடைசிப் பகுதியின் 16-ஐயும் ஒரு மதிப்பெண்ணில் ஒன்பது பத்தையும் ஒரு பிள்ளை பிடித்துவிட்டால், மீதிக்கு ஐந்து மதிப்பெண் வினாக்களில் இரண்டைச் சரியாகச் செய்தாலே போதும். இந்தக் கணக்கைக் கரும்பலகையில் போட்டுக் காட்டுங்கள். "எனக்குக் கணக்கே வராது" என்று சொல்லிக்கொண்டு இருக்கும் பிள்ளைக்கு இதைவிடப் பெரிய தைரியத்தை நாம் வாயால் கொடுத்துவிட முடியாது.

வடிவியலை முதலில் எடுக்கச் சொல்வதற்குக் காரணம், அது கைப்பழக்கம். வடிவொத்த முக்கோணம், கொடுத்த அடிப்பக்கத்தையும் உச்சிக்கோணத்தையும் கொண்டு வரையும் முக்கோணம், வட்டத்துக்குத் தொடுகோடு ஆகிய மூன்று வகைகளை நாளுக்கு ஒன்றாக மாற்றி மாற்றிப் போடச் செய்யுங்கள். ஒரே வகையை ஒரு வாரம் முழுவதும் போட்டுவிட்டு அடுத்ததற்குப் போனால் முதல் வகை மறந்துவிடும். முதலில் கையால் ஒரு மாதிரிப் படம், அதில் கொடுத்த அளவுகள், பிறகே அளவுகோலும் கவராயமும் என்ற வரிசை மாறக் கூடாது. எத்தனையோ விடைத்தாள்களில் நான் பார்த்தது, தளர்ந்த கவராயத்தால் பாதி வட்டத்திலேயே ஆரம் மாறிப்போய், தொடுகோடு வட்டத்தைத் தொடாமலோ வெட்டிக்கொண்டோ நிற்பதுதான். பிள்ளைக்குக் கணக்கு தெரியும், கருவிதான் காலை வாரிவிட்டது. பதினொரு பேருடைய வடிவியல் பெட்டிகளையும் ஒருநாள் திறந்து பார்த்து, கவராயத்தின் திருகை இறுக்கி, பென்சிலைச் சீவ வைத்துவிடுங்கள்.

வரைபடத்திலும் இதே கதைதான். இருபடிச் சமன்பாட்டுக்கு அட்டவணை சரியாக இருக்கும், புள்ளிகளும் சரியாகவே விழுந்திருக்கும். ஆனால் எந்த அச்சில் ஒரு சென்டிமீட்டருக்கு எத்தனை அலகு என்ற அளவுத்திட்டத்தை எழுதியிருக்க மாட்டார்கள், புள்ளிகளை வளைவாக இணைக்காமல் அளவுகோல் வைத்துக் கோடுகளாக இணைத்திருப்பார்கள். படிநிலை ஒவ்வொன்றுக்கும் மதிப்பெண் உண்டு என்பதால், எட்டுக்கு ஆறாகக் குறைவது இப்படிப்பட்ட இடங்களில்தான்.

உங்கள் மூன்று நல்ல மாணவர்களுக்கு 28-ஆம் வினாவும் 42-ஆம் வினாவும் கட்டாய வினாக்கள் என்பதை நினைவூட்டுங்கள். அவற்றில் பயிற்சிக் கணக்கு அப்படியே வராமலும் போகலாம். எனவே அவர்களைப் புத்தகத்துக்கு வெளியிலும் கணக்குப் போட வைக்க வேண்டும்.

பதில் 2: மன்னவனூர் அறிவியல் ஆசிரியை

சகோதரிக்கு வணக்கம். நான் கொடைக்கானல் மேல்மலையில் பணிபுரிகிறேன். பூண்டு எடுக்கும் நாள்களில் என் வகுப்பிலும் பாதிப் பிள்ளைகள் காட்டில்தான் இருப்பார்கள். ஐயா கணிதத்தைச் சொல்லிவிட்டதால், ஒப்பித்த விடை தேர்வில் ஏன் வரவில்லை என்பதை மட்டும் நான் எடுத்துக்கொள்கிறேன்.

உரக்கப் படிக்கும்போது விடை கண்முன்னே இருப்பதால் அது நமக்குத் தெரிந்துவிட்டதாகவே தோன்றும். 2006-ஆம் ஆண்டு அமெரிக்க உளவியலாளர்கள் ஹென்றி ரோடிகரும் ஜெஃப்ரி கார்பிக்கும் வெளியிட்ட ஓர் ஆய்வில், ஒரு பகுதியைத் திரும்பத் திரும்பப் படித்த மாணவர்கள் ஐந்து நிமிடம் கழித்து வைத்த சோதனையில் முந்தினார்கள். ஒரு வாரம் கழித்து வைத்த சோதனையிலோ, படித்துவிட்டுப் பார்க்காமல் நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்களே முந்தினார்கள். உங்கள் மாணவி படித்த கையோடு ஒப்பித்தாள், சில நாள் கழித்துத் தேர்வு எழுதினாள், நடந்தது இதுவேதான்.

ஆகவே உங்களுக்குக் கிடைக்கும் மாலை நேரத்தில் வாசிப்பு வேண்டாம். வந்து உட்கார்ந்ததும் புத்தகத்தைத் திறக்காமல், நேற்று நடத்தியதிலிருந்து ஒரு வினா, போன வாரத்திலிருந்து ஒன்று, போன மாதத்திலிருந்து ஒன்று என மூன்று வினாக்களை எழுதச் சொல்லுங்கள். எழுதிய பிறகு புத்தகத்தைத் திறந்து, விட்டதை வேறு நிற மையில் அவர்களே சேர்க்கட்டும். நீங்கள் பதினொரு தாள்களையும் திருத்திக்கொண்டிருக்கத் தேவையில்லை. மாற்று நிறம் எங்கே அதிகமாக இருக்கிறதோ அதுவே அடுத்து நீங்கள் நடத்த வேண்டிய பாடம். நான்கு பேரும் மூன்று பேரும் ஒரே வகுப்பில் இருப்பதும் இந்த முறையில் பெரிய சிக்கல் இல்லை: வினா ஒன்றாகவே இருக்கலாம், ஒருவர் படமும் மூன்று வரிகளும் எழுதுவார், மற்றவர் ஏழு மதிப்பெண்ணுக்கு உரிய முழு விடையை எழுதுவார்.

குவிலென்சு, குழிலென்சு குழப்பத்துக்கு மனப்பாடம் மருந்தாகாது. கிட்டப்பார்வையில் விழிக்கோளம் நீண்டிருப்பதால் தொலைவிலிருந்து வரும் கதிர்கள் விழித்திரையை எட்டும் முன்பே குவிந்துவிடுகின்றன. முன்கூட்டியே குவிகிற கதிர்களைச் சற்று விரித்து அனுப்ப வேண்டும், விரிப்பது குழிலென்சு. தூரப்பார்வையில் பிம்பம் விழித்திரைக்குப் பின்னால் விழுவதால் கூடுதலாகக் குவிக்க வேண்டும், குவிப்பது குவிலென்சு. இந்த இரண்டு கதிர்ப்படங்களையும் பார்க்காமல் வரையத் தெரிந்த பிள்ளைக்கு விடையின் வரிகள் தாமாகவே வரும். வீட்டில் தமிழ் பேசாத பணியர் பிள்ளைகளுக்குப் படம் இன்னும் பெரிய துணை. அவர்களை நோட்ஸிலுள்ள நீண்ட வாக்கியங்களை உருப்போட வைக்காமல், படத்தைப் பார்த்துச் சிறு சிறு வாக்கியமாக எழுதப் பழக்குங்கள். கருத்து சரியாக இருக்கும்போது, நோட்ஸில் உள்ள சொற்களே வர வேண்டும் என்று எந்தத் திருத்துபவரும் கேட்பதில்லை.

இன்னொன்று: அறிவியலில் எழுத்துத் தேர்வு 75, செய்முறை 25. இரண்டிலும் தனித்தனியே குறைந்தபட்ச மதிப்பெண் வேண்டும். செய்முறைத் தேர்வு முன்னதாகவே நடந்துவிடும் என்பதால், அந்த நாளில் ஒரு பிள்ளையும் விடுபடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பெற்றோரிடம் இப்போதே சொல்லிவைப்பது நல்லது.

பதில் 3: குன்னூர்க்காரன், கல்லூரி இரண்டாம் ஆண்டு

அக்காவுக்கு வணக்கம். நானும் தோட்டத்துப் பிள்ளைதான். கையேட்டைப் பற்றி மட்டும் என் கருத்தைச் சொல்கிறேன். விளிம்பில் இருக்கும் நால்வருக்கு அது தேவை, அதை மறுக்கவில்லை. ஆனால் வகுப்பு முழுவதையும் அதிலேயே கட்டிப்போட்டால், பதினொன்றாம் வகுப்பில் அறிவியல் பிரிவு எடுக்க நினைக்கும் பிள்ளை, இயற்கணிதத்தையும் முக்கோணவியலையும் பாதி மட்டும் தெரிந்துகொண்டு போய் உட்காரும். என் பள்ளியில் எங்கள் எல்லோருக்கும் கையேடு மட்டும்தான் நடந்தது; தேர்ச்சி விழுக்காடு அழகாக இருந்தது, மேல்நிலை முதல் ஆண்டில் கணிதப் பிரிவில் சேர்ந்தவர்கள் பட்ட பாட்டை யாரும் கணக்கில் எழுதவில்லை. அந்த மூவரையும் தயவுசெய்து முழுப் புத்தகத்தோடு விடுங்கள்.

தேர்வறையில் முதல் பத்து நிமிடம் வினாத்தாளைப் படிக்கவும், அடுத்த ஐந்து நிமிடம் விவரங்களைச் சரிபார்க்கவும் கொடுத்து, அதன் பிறகே மூன்று மணி நேரம் தொடங்குகிறது. அந்தப் பத்து நிமிடத்தில் எந்த வினாக்களை விடப் போகிறோம் என்று முடிவு செய்வதையும் பயிற்சியாகக் கொடுங்கள். பழைய வினாத்தாள் ஒன்றைக் கொடுத்து, எழுத வைக்காமல், தேர்ந்தெடுக்க மட்டும் சொன்னாலே போதும்.

தோட்டத்து டீச்சர், பந்தலூர்

மூவருக்கும் மிக்க நன்றி. நாளை முதல் மூன்று வினாக்கள் முறையைத் தொடங்குகிறேன், கவராயங்களையும் பார்த்துவிடுகிறேன். தம்பி சொன்னபடி கையேடு நால்வருக்கு மட்டும். மற்றவர்களுக்கு முழுப் புத்தகம். வீட்டில் படிப்பது பற்றி ஒரு சந்தேகம்: இரவில் இடமில்லை என்பதால், விடியற்காலையில் எழுந்து படிக்கச் சொல்லலாமா? சமூக அறிவியலை எங்கே தொடங்குவது?

பதில் 4: ஓய்வுபெற்ற கணக்கு ஆசிரியர், கோத்தகிரி

விடியற்காலையில் எழச் சொல்லலாம், அம்மா, ஆனால் ஜனவரிக் குளிரில் நான்கு மணிக்கு எழுப்பிவிட்டால் போர்வைக்குள்தான் புத்தகம் இருக்கும். பெற்றோர் பேரட்டுக்கு (தோட்டத்தில் காலையில் ஆள் கணக்கெடுக்கும் இடம்) கிளம்பும் நேரத்தில் எழுந்து, அரை மணி நேரம் நேற்றைய விடை ஒன்றை எழுதிப் பார்த்தால் போதும். இரவுத் தூக்கத்தைக் குறைக்க வேண்டாம்.

சமூக அறிவியலில் காலக்கோட்டையும் வரைபடத்தையும் முதலில் எடுங்கள். வடிவியலைப் போலவே கைப்பழக்கத்தால் வரக்கூடிய மதிப்பெண் அது. 1905 வங்கப் பிரிவினை, 1919 ஜாலியன்வாலாபாக், 1920 ஒத்துழையாமை இயக்கம், 1930 தண்டி யாத்திரை, 1942 வெள்ளையனே வெளியேறு என்று நிகழ்ச்சிகளைத் துண்டுத்தாள்களில் எழுதிக் கலைத்துப்போட்டு வரிசைப்படுத்தச் சொல்லுங்கள். ஐந்து நிமிட வேலை. தமிழ்நாட்டு வரைபடத்தை உங்கள் ஊரிலிருந்தே தொடங்கலாம். முதுமலையும் 2637 மீட்டர் உயரமுள்ள தொட்டபெட்டாவும் உங்கள் பிள்ளைகளுக்குத் தெரிந்த இடங்கள். அவற்றைக் குறித்துவிட்டு, அங்கிருந்து கிழக்கே இறங்கி பவானி ஆறு, காவிரி, கடற்கரை என்று போனால் திசை தப்பாது. வெற்று வரைபடத் தாள்களை மொத்தமாக வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், ஆளுக்கு வாரம் இரண்டு தாளாவது தேவைப்படும்.