எலியை வைத்து ரிலாப்ஸ் மருந்தைச் சோதிப்பது எப்படி?

கயல்:
எம்.பார்ம் முதலாண்டு படிக்கிறேன். செமினார் தலைப்பு, கொக்கைன் ரிலாப்ஸைத் (விட்ட போதைக்கே மறுபடி திரும்புவதை) தடுக்கும் மருந்துகள். கையில் கிடைத்ததில் பெரும்பாலானவை எலி ஆய்வுகள். கடன் தொல்லை, பழைய கூட்டாளி, வீட்டுச் சண்டை எதுவும் எலிக்குக் கிடையாது. அது திரும்பவும் போதைக்குப் போய்விட்டது என்று எதை வைத்துச் சொல்கிறார்கள்?

முருகவேல்:
அமெரிக்காவில் இப்படிப்பட்ட ஒரு லேபில் டெக்னீஷியனாக இருந்தேன். எலியின் கழுத்து ரத்தக்குழாயில் மெல்லிய குழாய் வைத்துத் தைப்போம். மறுமுனை முதுகில் வெளியே வரும். தினமும் காலையில் ஹெப்பாரின் என்ற ரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்து கலந்த உப்புநீர் செலுத்தி அது அடைக்காமல் பார்த்துக்கொள்வதே பெரிய வேலை. பெட்டிக்குள் இரண்டு லீவர். ஒன்றை அழுத்தினால் விளக்கு எரியும், ஒலி வரும், கொக்கைன் உடம்பில் இறங்கும். இன்னொன்றால் ஒன்றும் நடக்காது.

எலி நன்றாகப் பழகியதும் கொக்கைனை நிறுத்திவிடுவோம். வெறும் லீவரை அழுத்தி அழுத்தி ஓய்ந்துபோகும். அப்போது கொஞ்சம் கொக்கைன் ஊசி போட்டாலோ, பழைய விளக்கையும் ஒலியையும் காட்டினாலோ, காலில் லேசாக ஷாக் கொடுத்தாலோ, லீவரில் கொக்கைன் வராவிட்டாலும் மறுபடி அழுத்த ஆரம்பிக்கும். அந்த எண்ணிக்கைதான் ரிலாப்ஸின் அளவு. கொக்கைன் ஊசி போட்டு இப்படித் திரும்புவதை 1981இல் ஹாரியட் டி விட், ஜேன் ஸ்டூவர்ட் இருவரும் காட்டினார்கள்.

சோதனை மருந்தை முன்கூட்டியே கொடுத்து, அழுத்துவது குறைகிறதா என்று பார்ப்பார்கள். சர்க்கரை உருண்டைக்காக அழுத்தும் எலிக்கும் அதே மருந்தைக் கொடுத்துப் பார்க்க வேண்டும். அதுவும் சுருண்டு படுத்துவிட்டால், மருந்து எலியை மந்தமாக்கியிருக்கிறது, அவ்வளவுதான். இதைச் செமினாரில் விட்டுவிடாதீர்கள்.

செல்வி:
நான் போதை மறுவாழ்வு மையத்தில் வேலை பார்க்கிறேன். எங்களிடம் வருகிறவர்களில் பலர் தாங்களே விட நினைத்து வருகிறார்கள். எலி நினைத்து விடவில்லையே அண்ணா, நீங்கள்தானே நிறுத்தினீர்கள்?

முருகவேல்:
சரியான கேள்வி அக்கா. இந்த முறையின் பெரிய ஓட்டையே அதுதான். அதனால்தான் இப்போது எலியையே தேர்ந்தெடுக்க விடும் ஆய்வுகள் வருகின்றன. 2018இல் வெனிரோ, ஷஹாம் குழுவினர் ஒரு பக்கம் மெத் (மெத்தாம்பெட்டமைன் என்ற போதைப்பொருள்), மறு பக்கம் இன்னொரு எலியின் துணை என்று வைத்தார்கள். எலிகள் துணையைத்தான் தேடிப்போயின.

ஆனால் பழைய முறையைத் தூக்கிப்போட எனக்கு மனமில்லை. அசிடைல்சிஸ்டீனைப் பாருங்கள், பாரசிட்டமால் அளவு மீறிச் சாப்பிட்டவர்களுக்கு ஆஸ்பத்திரியில் ஏற்றுகிற அதே மருந்து. கொக்கைனால் குலைந்த குளூட்டமேட் என்ற மூளை வேதிப்பொருளின் அளவை அது சரிசெய்து, எலி மறுபடி லீவருக்குப் போவதைத் தடுத்தது என்று 2003இல் வெளியானது. 2013இல் 111 பேரிடம் சோதித்த முடிவு வந்தது: மொத்தமாகப் பார்த்தால் பிளசிபோவைவிட (மருந்தில்லாத போலி மாத்திரையைவிட) மேலில்லை. ஆனால் தொடக்கத்திலேயே கொக்கைனை நிறுத்தியிருந்த சிலரில், தினம் 2400 மி.கி. எடுத்தவர்கள் கூடுதல் நாள் தாக்குப்பிடித்தார்கள். சின்னக் குழு, அதை வைத்து முடிவுகட்ட முடியாது. இருந்தாலும் எலிக்கும் கொக்கைனை நிறுத்திய பிறகுதானே கொடுத்தார்கள்! இன்னும் பயன்படுத்திக்கொண்டிருப்பவரிடம் அதே பலனை எதிர்பார்த்துவிட்டு மருந்து தோற்றது என்று எழுதுவது எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது.

கயல்:
அப்படியானால் ஒவ்வொரு ஆய்விலும் மருந்தை எந்தக் கட்டத்தில் கொடுத்தார்கள் என்று அட்டவணை போடுகிறேன் அண்ணா.

முருகவேல்:
போடுங்கள். ஆண் எலியா பெண் எலியா என்றும் ஒரு கட்டம் சேருங்கள். பழைய ஆய்வுகளில் பெரும்பாலும் ஆண் எலிகள்தான்.