பாலே இல்லையோ என்று அழுத மூன்றாம் இரவு

பிரசவ வலியைப் பற்றி எல்லோரும் சொல்லியிருந்தார்கள். எப்போது மூச்சை இழுக்க வேண்டும், எப்போது முக்க வேண்டும் என்பதெல்லாம் கேட்டு வைத்திருந்தேன். குழந்தை பிறந்த மூன்றாம் இரவைப் பற்றி மட்டும் ஒருவரும் வாய் திறக்கவில்லை. அதனால் அதை மட்டும் விரிவாக எழுதுகிறேன்.

மகள் சுகப்பிரசவத்தில் பிறந்தாள், எடை 2.9 கிலோ. துடைத்து என் வெறும் மார்பின்மேல் கிடத்தியதும் அழுகையை நிறுத்திவிட்டாள். முதல் ஒரு மணி நேரத்துக்குள்ளேயே வாய் வைத்தாள். முதல் இரண்டு நாட்கள் பெரும்பாலும் தூக்கம்தான். எவ்வளவு சாதுவான குழந்தை என்று பூரித்துப்போயிருந்தேன்.

மூன்றாம் நாள் காலை எடை பார்த்தார்கள், 2.7. பிறந்த குழந்தைகள் முதல் சில நாட்களில் இந்த அளவு இளைப்பது வழக்கம்தான், இரண்டு வாரத்துக்குள் பழைய எடைக்கு வந்துவிடும் என்றார் மருத்துவர். அது காதில் விழுந்தது. மனதில் பதிந்தது 200 கிராம் குறைந்துவிட்டது என்பது மட்டும். அன்று மாலை பார்க்க வந்த ஒருவர், "பால் போதவில்லை போலிருக்கிறது" என்று சொல்லிவிட்டுப் போனார். பிள்ளை பெற்று மூன்று நாளான ஒருத்தியிடம் யாரும் இதைச் சொல்லாதீர்கள், கெஞ்சிக் கேட்கிறேன்.

இரவு பதினொரு மணிக்கு அவள் அழத் தொடங்கினாள். பால் கொடுப்பேன், கண்ணயர்வாள், கீழே கிடத்தினால் பத்தாவது நிமிடம் மறுபடி வீறிடுவாள். மார்பு இரண்டும் கல்லாகக் கட்டியிருந்தன. அவள் சப்பும்போதெல்லாம் அடிவயிறு சுருட்டிப் பிடித்தது. கருப்பை சுருங்கிப் பழைய நிலைக்குத் திரும்புவதால் வரும் வலி அது என்று பிறகுதான் தெரிந்தது. தையல் வேறு. இரண்டு மணி இருக்கும், அவளைவிடச் சத்தமாக நான் அழுதுகொண்டிருந்தேன்.

அப்போது வந்தவர் இரவுப் பணியில் இருந்த மூத்த நர்ஸ் அம்மா. "ஏனம்மா அழுகிறாய்" என்று அவர் கேட்கவே இல்லை. "இன்று எத்தனை முறை ஈரம் செய்தாள்?" என்றார். எண்ணிச் சொன்னேன், மூன்று. டயப்பரைப் பிரித்துக் காட்டினார். முதல் நாள் தார்போல ஒட்டிக்கொண்டிருந்த கறுப்பு மலம் பச்சைக்கு மாறியிருந்தது. "பால் உள்ளே போகாமல் இந்த நிறம் மாறாது அம்மா. நாளை மறுநாள் மஞ்சளாகும், பார்." இரண்டு நாளும் அவள் குடித்த சீம்பால் அளவில் கொஞ்சம்தான், அவளுடைய சின்ன வயிற்றுக்கு அதுவே போதுமாம். இப்போது பால் பெருகும் நேரம் என்பதால்தான் விடாமல் கேட்கிறாள் என்றார்.

பிறகு கட்டியிருந்த மார்பை விரல்களால் அழுத்திக் கொஞ்சம் பால் பீய்ச்சவைத்தார். காம்பைச் சுற்றியுள்ள இடம் இளகினால்தான் குழந்தையால் கவ்வ முடியுமாம். அவள் வயிறு என் வயிற்றோடு ஒட்டும்படி ஒருக்களித்துப் பிடித்து, மூக்கு காம்புக்கு நேராக இருக்கும்படி வைத்தார். "அவசரப்படாதே, வாயை அகலத் திறக்கட்டும்." கொட்டாவி விடுவதுபோல் திறந்த நொடியில், முதுகைத் தாங்கி அவளை என்னிடம் சேர்த்தார். அதுவரை நான் குனிந்து குனிந்து மார்பை அவள் வாயில் திணித்துக்கொண்டிருந்தேன்! மோவாய் அழுந்தப் பதிந்தது, கீழுதடு வெளியே மடிந்தது, கூர்மையான வலி நின்றது. சில நொடிகளில் "க்" என்று ஒரு சின்ன சத்தம். ஒரு விழுங்கல். இரண்டு சப்பல், மறுபடி "க்". அந்தச் சத்தத்தை நான் எண்ணிக்கொண்டே இருந்தேன்.



என் அழுகை அதோடு முடியவில்லை. நான்காம் நாள் மடித்து வைத்திருந்த சின்னக் காலுறையைப் பார்த்து அழுதேன். காரணம் கேட்டால் சொல்லத் தெரியவில்லை. பிரசவத்துக்குப் பிறகு ஹார்மோன்கள் சட்டென்று இறங்குவதால் பெரும்பாலான தாய்மார்களுக்கு இப்படி வரும் என்றார்கள். எனக்கு ஒன்பதாம் நாள் தெளிந்தது. இரண்டு வாரம் கடந்தும் மனம் தெளியாவிட்டால், அல்லது உங்களையோ குழந்தையையோ ஏதாவது செய்துவிடுவோமோ என்ற எண்ணம் ஒருமுறை வந்தாலும், நாள் பார்க்காதீர்கள். உடனே மருத்துவரிடம் சொல்லுங்கள். சொல்வதில் வெட்கப்பட ஒன்றுமே இல்லை.

கணவர் செய்த ஓர் உதவியை மறக்க மாட்டேன். நள்ளிரவுப் பால் முடிந்ததும் குழந்தையைத் தோளில் போட்டு ஏப்பம் வரவைத்து, வேறு அறைக்குத் தூக்கிப் போய்விடுவார். எனக்குத் தொடர்ச்சியாக இரண்டரை மணி நேரத் தூக்கம் கிடைக்கும். ஒரு நாளில் பத்து முறைக்குக் குறையாமல் பால் கொடுப்பவளுக்கு அது எவ்வளவு பெரிய வரம்!

பன்னிரண்டாம் நாள் எடை பார்க்கப் போனோம், 2.95. அந்த நர்ஸ் அம்மாவைத் தேடினேன். அன்றும் அவருக்கு இரவுப் பணியாம். ஒரு துண்டுத் தாளில் குழந்தையின் எடையை எழுதி, அவரிடம் கொடுக்கச் சொல்லி மேசையில் வைத்துவிட்டு வந்தேன்.