வலி இல்லை, ஆனால் அப்பாவின் யூரிக் ஆசிட் இறங்கவே இல்லை

அப்பாவுக்கு வயது 54, மன்னார்குடி பக்கம் விவசாயம். யூரிக் ஆசிட் ஜனவரியில் 7.9, ஏப்ரலில் 8.1, போன வாரம் 8.4. கவுட் மாதிரி பெருவிரலில் வலி, வீக்கம் ஒருநாளும் வந்ததில்லை, சிறுநீரகத்துக்குப் பார்க்கும் கிரியேட்டினினும் சரியாக இருக்கிறது, அதனால் ‘எனக்கு ஒன்றுமில்லை, விடு’ என்று மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு மடை திறக்கப் போய்விடுகிறார்.

எனக்குப் பயமே மற்ற எண்களைப் பார்த்துத்தான். தையல் டேப்பால் நானே அளந்தேன், இடுப்பு 98 செ.மீ. ட்ரைகிளிசரைடு (ரத்தக் கொழுப்பு) 230, வெறும் வயிற்றுச் சர்க்கரை 112, பிரஷர் 140/90. இந்த நான்கோடு நல்ல கொழுப்பையும் சேர்த்து ஐந்தில் மூன்று சரியில்லாமல் இருந்தாலே மெட்டபாலிக் சிண்ட்ரோம் (சர்க்கரை நோய், இதய நோய்க்கு வழிவிடும் நிலை), இவருக்கு நான்கு.

ஈரல், நெத்திலி, மத்தி, கலர் சோடா எல்லாம் நிறுத்தி மூன்று மாதம் ஆகிறது. குடிப்பழக்கம் கிடையாது. ராத்திரி சோறும் பாதிதான், எடை மட்டும் அப்படியே நிற்கிறது. அப்புறம் நேற்றுதான் அட்டையின் பின்பக்கம் படித்தேன், இரண்டு வருடமாகச் சாப்பிடும் பிரஷர் மாத்திரையில் ஹைட்ரோகுளோரோதயாசைட் இருக்கிறது. அது யூரிக் ஆசிட்டைக் கூட்டும். நாங்களாக நிறுத்தவில்லை. ஒரு டாக்டர் யூரிக் ஆசிட்டைக் குறைக்கும் அலோபூரினால் மாத்திரை எழுதிக் கொடுத்தார், இன்னொருவர் வலி வராமல் அது வேண்டாம் என்கிறார்.

இதே நிலையில் இருந்தவர்கள், மருத்துவம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்: அலோபூரினால் தொடங்கும் முன் பிரஷர் மாத்திரையை, யூரிக் ஆசிட்டையும் கொஞ்சம் குறைக்கும் லோசார்டானுக்கு மாற்றித் தரும்படி டாக்டரிடம் கேட்பது சரியா?