"வெக்கையா இருக்குது"ன்னு ஸ்பானிஷ்ல எப்புடிங்க சொல்றது?

நூல்கண்டு:
வணக்கமுங்க. திருப்பூர்ல ஏற்றுமதிக் கம்பெனில மெர்ச்சண்டைசர் வேலைங்க. ஸ்பானிஷ் இப்பத்தான் ஆரம்பம். சித்திரைல ஸ்பெயின்ல இருந்து பையர் ரெண்டு பேரு வர்றாங்க. கத்திரி வெயில்ல அவங்களை நிட்டிங், டையிங், அயர்னிங்னு எல்லாத்துக்கும் கூட்டிட்டுப் போகோணும். வெக்கையா இருக்குதுங்களா, தாகமா இருக்குதுங்களான்னு அவங்க பாசைலயே கேக்கோணும்னு ஆசை.

"எனக்கு வெக்கையா இருக்குது"க்கு 'எஸ்தொய் கல்யென்த்தே'ன்னு எழுதி வச்சிருக்கறேன். அப்புடிச் சொல்லவே கூடாதுங்கறாங்க. எஸ்தொய்னா "இருக்கேன்", கல்யென்த்தேன்னா "சூடு". அப்பறம் எங்க தப்பு? "ரொம்ப"வுக்கு முய் போடறதா மூச்சோ போடறதா? தலைவலி, தலைசுத்தல் இதுக்கெல்லாம் என்ன?

நொய்யல்கரை:
ஏனுங்க, நீங்க இங்கிலீஷ் வழியாப் போயிட்டீங்க. "ஐ ஆம் ஹாட்"டை வார்த்தைக்கு வார்த்தை மாத்துனா எஸ்தொய் கல்யென்த்தேதான் வரும். ஆனா ஆளைப் பத்திச் சொல்லும்போது அதுக்கு உடல் இச்சைங்கற அர்த்தம் வந்துரும். அர்ஜென்டினாப் பக்கம் கோவமா இருக்கறதையும் அப்புடிச் சொல்வாங்க. எப்புடிப் பாத்தாலும் பையர்கிட்டச் சொல்ற வாக்கியம் இல்லைங்க.

தமிழ்ல நாம "நான் சூடா இருக்கேன்"னு சொல்றதில்லையே. வெக்கைங்கறது வெளிய இருந்து நமக்கு வர்ற ஒண்ணு. ஸ்பானிஷ்லயும் அது தனிப் பொருள்தான். கலோர்னா வெக்கை, தெங்கோன்னா "என்கிட்ட இருக்குது". ரெண்டும் சேந்து 'தெங்கோ கலோர்'. "எனக்குக் காய்ச்சல் இருக்குது"ன்னு சொல்றோமே, அதே வழி. காய்ச்சலே 'தெங்கோ ஃபியேப்ரே'தான். குளிருதுன்னா தெங்கோ ஃப்ரீயோ, பசிக்குதுன்னா தெங்கோ ஆம்ப்ரே, தாகத்துக்குத் தெங்கோ ஸெத், தூக்கம் வருதுன்னா தெங்கோ ஸ்வேஞோ. பேசறவங்க ஆணா பொண்ணாங்கறதுக்காக இதுல எதுவும் மாறாது.

கேக்கறதுக்கு 'தியேனே கலோர்?' நம்ம ஊரு "ங்க" போட்ட மரியாதை அதுல இருக்குது. 'தியேனெஸ் கலோர்?'னா "நீ" போட்ட மாதிரி. ஸ்பெயின்காரங்க சீக்கிரமே "நீ"க்கு வந்துருவாங்க, அதை மரியாதைக் குறைவா எடுத்துக்காதீங்க. மொதல்ல தியேனேல ஆரம்பிங்க, அவங்க மாத்துனா நீங்களும் மாத்திக்கலாம். ரெண்டு பேரையும் சேத்துக் கேக்கறதுன்னா மரியாதைக்குத் 'தியேனென் கலோர்?'

கல்யென்த்தேவைத் தூக்கிப் போட்டுராதீங்க. தொட்டா சுடற பொருளுக்கு அதுதான் சரி. டீ ஆறலைன்னா 'எல் தே எஸ்தா கல்யென்த்தே'. வெயிலுக்கு ரெண்டும் இல்லைங்க, 'ஆஸே கலோர்'. ஆஸேன்னா "செய்யுது", ஊரே வெக்கையைச் செய்யற மாதிரி. புழுக்கத்துக்குத் தனி வார்த்தையே வச்சிருக்கறாங்க: 'ஆஸே போச்சோர்னோ'. மழைக்கு முன்னாடி காத்தே இல்லாம வேக்காடா இருக்குமே, அது.

நம்ம ஆளுங்க இன்னொரு இடத்துலயும் சறுக்குவாங்க. சாப்பாடு காரமா இருந்தா அதையும் "ஹாட்"னு நெனச்சுக் கல்யென்த்தேன்னு சொல்லிர்றது. சட்னியைக் காட்டிக் கல்யென்த்தேன்னு எச்சரிச்சா, ஆறட்டும்னு ரெண்டு நிமிசம் வச்சிருந்து அப்புடியே வாய்ல போட்டுக்குவாங்க. காரத்துக்குப் 'பிக்கா'. நல்ல காரம்னா 'பிக்கா மூச்சோ'.

மஞ்சமண்டி:
முய், மூச்சோவுக்கு நான் சொல்றனுங்க. தமிழ் கைகொடுக்காத எடம் இது. நமக்கு "ரொம்ப வெக்கை", "ரொம்பக் களைப்பா" ரெண்டுக்கும் ஒரே "ரொம்ப". அங்க பெயர்ச்சொல்லுக்கு மூச்சோ, எப்புடி இருக்கறோம்னு சொல்ற பண்புச் சொல்லுக்கு முய். கலோர் பெயர்ச்சொல், அதனால தெங்கோ மூச்சோ கலோர். முய் கலோர்ங்கறது கிடையவே கிடையாது. களைப்புன்னா 'எஸ்தொய் முய் கன்ஸாதோ', சொல்றது பொண்ணா இருந்தா கன்ஸாதா.

மூச்சோவும் பெயர்ச்சொல்லைப் பாத்து மாறும். பசியும் தாகமும் பெண்பால், அதனால மூச்சா ஆம்ப்ரே, மூச்சா ஸெத். வெக்கை, குளிர், தூக்கம் மூணும் ஆண்பால், மூச்சோ. 'எல் ஆம்ப்ரே'ன்னு எங்கயாச்சும் பாத்துட்டு ஆண்பால்னு நெனச்சுக்காதீங்க. இங்கிலீஷ் 'தி' மாதிரி பெயர்ச்சொல்லுக்கு முன்னாடி ஆண்பாலுக்கு எல், பெண்பாலுக்கு லா போடுவாங்க. இது அழுத்தமான 'ஆ'வுல ஆரம்பிக்கறதனால லா வர்ற எடத்துல எல் வருது, அவ்வளவுதான். மூச்சா மாறாது.

நூல்கண்டு:
ரொம்ப நன்றிங்க. "எனக்கு"க்கு 'மே'ன்னு ஒண்ணு படிச்சனே. அப்பப் பசிக்கு 'மே தெங்கோ ஆம்ப்ரே'ன்னு வருங்களா?

காங்கயத்துக்காரி:
வராதுங்க தம்பி. தெங்கோவுக்குள்ளயே "நான்" இருக்குது, மே சேந்தா வாக்கியம் உடஞ்சுரும். மே வர்றது வலிக்கு. 'மே துவேலே லா கபேஸா'ன்னா "எனக்குத் தலை வலிக்குது", அச்சா நம்ம வாக்கியம். வலிக்கறது தலை, "எனக்கு" மே. "என் தலை"ன்னு நாம சொல்றதில்ல, அவங்களும் சொல்றதில்ல. வயிறுன்னா மே துவேலே எல் எஸ்தோமாகோ.

கவனிக்க வேண்டியது ஒண்ணு. ரெண்டு பாதமும் வலிச்சாலும் நாம "கால் வலிக்குது"ன்னு ஒருமைலயே முடிச்சுர்றோம். அங்க வினையும் பன்மையாகோணும்: மே துவேலென் லொஸ் பியேஸ். நாள் பூராம் ஃபேக்டரி சுத்துனா அவங்க வாய்ல இருந்து இதுதான் வரும், காதுல வாங்கி வச்சுக்குங்க.

தலைசுத்தலுக்கு எஸ்தொய் மரெயாதோ, பொண்ணுன்னா மரெயாதா. குமட்டிட்டு வர்றதுக்கும் அதே வார்த்தைதான். ஆழியார்ல இருந்து வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவு ஏத்திக் கூட்டிட்டுப் போறதா இருந்தா கட்டாயம் தேவைப்படும். 'எஸ்தொய் கொன்ஸ்திபாதோ'ன்னு ஸ்பெயின்காரர் சொன்னா மலச்சிக்கல் மாத்திரையை நீட்டிராதீங்க. அவருக்குச் சளி புடிச்சிருக்குதுன்னு அர்த்தம். மலச்சிக்கலுக்கு எஸ்த்ரெஞீதோ.

நொய்யல்கரை:
அக்கா சொன்னதோட உச்சரிப்பும் சித்தெ பாத்துக்குங்க. இங்கிலீஷ் பழக்கத்துல 'டெங்கோ'ன்னு 'ட' போடாதீங்க, ஸ்பானிஷ் த நம்ம "பத்து"ல வர்ற த. கல்யென்த்தேல த்தேயை அழுத்திச் சொல்லோணும், "பந்து" மாதிரி மெலிஞ்சுறக் கூடாது. ஸ்வேஞோல வர்றது அப்புடியே நம்ம ஞ. எழுத்துல ஹ இருந்தாலும் வாய்ல வராது, அதனாலதான் ஆம்ப்ரே, ஆஸே. ஆஸே, கபேஸா ரெண்டுலயும் உள்ள ஸ்-ஐ ஸ்பெயின்ல பெரும்பாலும் நாக்கு நுனியைப் பல்லுக்கு நடுவுல வச்சுக் காத்து விட்டுச் சொல்வாங்க. நீங்க ஸ்-ன்னு சொன்னாலும் புரியும், லத்தீன் அமெரிக்காவே அப்புடித்தான் பேசுது.

மஞ்சமண்டி:
சாப்பாட்டு எலைல மறுக்கா மறுக்கா வைக்கறது நம்ம பழக்கம். அவங்க 'எஸ்தொய் யேனோ', பொண்ணுன்னா 'யேனா'ன்னு சொன்னா வயிறு நெறஞ்சிருச்சுன்னு அர்த்தம். அதுக்கு மேல வைக்காதீங்க.

அயர்னிங் செக்‌ஷன்ல ஸ்டீம் அயர்ன் பக்கம் கை போனா 'கல்யென்த்தே'ன்னு பாடம் ஒப்பிச்சுட்டு நிக்காதீங்க. 'குய்தாதோ, கே கேமா!' "பாத்து, சுடும்!" மொத நாளே இதை மனப்பாடம் பண்ணிருங்க.