புரோபாக்ஸ் ஹெட் போல்ட்டுகளை எந்த அளவுக்கு முறுக்க வேண்டும்?

தாம்வே வாசி, யாங்கோன்:

அனைவருக்கும் வணக்கம். எங்கள் டொயோட்டா புரோபாக்ஸ் வண்டியில் கூலண்ட் தொடர்ந்து குறைந்துகொண்டே வந்ததால், அதன் 1என்இசட்-எஃப்இ எஞ்சினின் சிலிண்டர் ஹெட்டை வீட்டு முற்றத்திலேயே கழற்றிப் பார்த்தோம். ஹெட்டுக்கும் அதன் கீழுள்ள எஞ்சின் பிளாக்குக்கும் நடுவே கசிவை அடைக்கும் தகடான ஹெட் கேஸ்கெட், இரண்டு சிலிண்டர்களுக்கு இடையே எரிந்திருந்தது. புதிய கேஸ்கெட் வாங்கியாயிற்று. ஹெட்டைத் திரும்பப் பூட்டும் முறையில்தான் எனக்கும் என் மைத்துனருக்கும் ஒத்துப்போகவில்லை. லாரி வேலையில் பழகிய அவர், ரெஞ்ச்சில் ஒரு நீளமான குழாயைச் செருகி, இனி அசையாது என்று கைக்குத் தெரியும் வரை இறுக்கினால் போதும் என்கிறார். என்னிடமோ 28 முதல் 210 நியூட்டன் மீட்டர் வரை அளவிட்ட அரை அங்குல முனை கொண்ட டார்க் ரெஞ்ச் (குறித்த முறுக்கு வந்ததும் கிளிக் என்று ஒலிக்கும் ரெஞ்ச்) ஒன்று இருக்கிறது. கிடைத்த ஜப்பானிய மேனுவலின் நகலில் 300 என்ற எண்ணும், அதற்குப் பின் 90 பாகை என்று இரண்டு முறையும் குறிப்பிட்டிருக்கிறார்கள். என் ரெஞ்ச்சில் 300 என்ற அளவே இல்லை. இந்த எண்ணை எப்படிப் புரிந்துகொள்வது? மரையில் எண்ணெய் பூசலாமா? பழைய போல்ட்டுகளையே திரும்பப் போடலாமா?

மோல்மேன் பட்டறைக்காரர்:

முதலில் அந்த 300 பற்றிச் சொல்லிவிடுகிறேன். அது நியூட்டன் மீட்டர் அன்று. கிலோகிராம் விசை சென்டிமீட்டர். நியூட்டன் மீட்டரில் அது ஏறக்குறைய 29, அடி பவுண்டில் 22. சந்தையில் வீசையும் கிலோவும் கலந்து புழங்கும் ஊரில் வாழும் நமக்கு இந்தக் குழப்பம் புதிதன்று. ஆனால் இங்கே அலகு மாறினால் போல்ட் அறுந்துவிடும், அல்லது அலுமினிய பிளாக்கின் மரை உருவிக்கொண்டு வந்துவிடும்.

உங்கள் மைத்துனரின் கை அனுபவத்தை நான் குறைத்து மதிப்பிடவில்லை. ஆயினும் அவருடைய கை உணர்வது உராய்வைத்தான். நாம் கொடுக்கும் முறுக்கில் ஏறக்குறைய பாதி போல்ட் தலையின் அடியிலும், பெரும்பகுதி மிச்சம் மரையிலும் உராய்வாகவே தீர்ந்துவிடுகிறது. போல்ட்டை இழுத்து நீட்டி ஹெட்டை அழுத்திப் பிடிக்க எஞ்சுவது பத்தில் ஒரு பங்கு அளவே. மரையில் துருவோ மண்ணோ இருந்தால் அந்தப் பத்தில் ஒரு பங்கும் குறைந்துபோகும். ரெஞ்ச் கிளிக் என்று ஒலிக்கும், கேஸ்கெட்டோ தளர்வாகவே இருக்கும். இதனால்தான் இந்த எஞ்சினுக்கு முறுக்கு அளவை 29-இல் நிறுத்திவிட்டு, அதன் பிறகு பாகைக் கணக்கில் திருப்பச் சொல்கிறார்கள். மரையின் புரியிடைவெளி, அதாவது ஒரு முழுச் சுற்றுக்கு போல்ட் இறங்கும் தூரம், மாறாத ஒன்று. ஆகவே போல்ட் ஒழுங்காக அமர்ந்த பிறகு எத்தனை பாகை திருப்புகிறோமோ அந்த அளவுக்கே அது நீளும், உராய்வு கூடினாலும் குறைந்தாலும்.

செய்ய வேண்டியது இதுதான். எஞ்சின் முழுவதும் ஆறியிருக்க வேண்டும். பிளாக்கின் போல்ட் குழிகளில் தேங்கிய கூலண்டையும் எண்ணெயையும் துணியாலும் காற்றாலும் சொட்டும் மிஞ்சாமல் எடுத்துவிடுங்கள். அடி மூடிய குழியில் திரவம் இருந்தால் போல்ட் இறங்கும்போது அது வெளியேற வழியின்றி பிளாக்கையே விரிசல் விடச் செய்யும். இந்த ஒரு வேலையை அவசரப்பட்டு விட்டுவிடுகிறவர்களே அதிகம். பிறகு போல்ட்டின் மரையிலும், தலை வாஷரில் அமரும் இடத்திலும் எஞ்சின் எண்ணெயை மெல்லியதாகத் தடவுங்கள். இந்த எஞ்சினுக்குச் சொல்லப்பட்ட அளவு எண்ணெய் தடவிய மரைக்கானது. உலர்ந்த மரைக்கென்று கொடுத்த அளவை எண்ணெய் தடவிய போல்ட்டுக்குப் பயன்படுத்தினால் போல்ட் தேவைக்கு மேல் நீண்டுவிடும் என்பதால், இதை எல்லாப் போல்ட்டுக்கும் பொது விதியாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

பத்துப் போல்ட்டுகளையும் நடுவிலிருந்து தொடங்கி, இரு புறமும் மாறி மாறி வெளிநோக்கிச் சென்று, ஒரே மூச்சில் அல்லாமல் சில சுற்றுகளில் 29-க்குக் கொண்டுவாருங்கள். பிறகு ஒவ்வொரு தலையிலும் எஞ்சினின் முன்பக்கம் பார்த்த ஓரத்தில் பெயிண்ட்டால் ஒரு பொட்டு வையுங்கள். அதே வரிசையில் 90 பாகை, மீண்டும் அதே வரிசையில் 90 பாகை. இறுதியில் எல்லாப் பொட்டுகளும் பின்பக்கம் பார்த்து நிற்க வேண்டும். ஒன்று பக்கவாட்டில் நின்றால் அந்தப் போல்ட்டுக்கு ஒரு சுற்று விட்டுப்போயிற்று என்று பொருள். பாகை திருப்பும் கட்டத்துக்கு டார்க் ரெஞ்ச் வேண்டாம், சாதாரண நீளப் பிடி போதும். உங்கள் மைத்துனரின் கை அங்கே நன்றாகப் பயன்படும்.

தாம்வே வாசி:

மிக்க நன்றி ஐயா. அப்படியானால் 29-ஐ என் ரெஞ்ச்சிலேயே வைக்கலாம் அல்லவா? அது 28-இலிருந்து தொடங்குகிறதே. பழைய போல்ட்டுகளில் இரண்டின் மரை கொஞ்சம் துருவேறியிருக்கிறது; கம்பித் தூரிகையால் தேய்த்தால் சரியாகிவிடும் என்று தோன்றுகிறது.

பகோ வாசகர்:

இதற்கு நான் பதில் சொல்கிறேன். கிளிக் வகை டார்க் ரெஞ்ச்சுகளுக்குத் தயாரிப்பாளர்கள் சொல்லும் நூற்றுக்கு நான்கு பிழை வரம்பு பெரும்பாலும் அதன் உச்ச அளவில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல்தான் பொருந்தும். உங்கள் ரெஞ்ச்சின் உச்சம் 210 என்றால் ஏறக்குறைய 42-க்குக் கீழே அதை நம்ப முடியாது. சக்கர நட்டுக்கு உரிய 103-க்கு அது மிகப் பொருத்தமான கருவி. 29-க்கும், வால்வ் கவர் போல்ட்டுகளின் 10-க்கும் அன்று. சிறிய அளவுக்கு எட்டில் மூன்று அங்குல ரெஞ்ச் ஒன்றை இரவல் வாங்குங்கள்.

மோல்மேன் பட்டறைக்காரர்:

பகோ நண்பரின் கருத்து முற்றிலும் சரி, நான் அதைச் சொல்லாமல் விட்டிருக்கக் கூடாது. கிளிக் ஒலி கேட்டவுடன் நிறுத்துங்கள். உறுதிக்காக இன்னொரு முறை தட்டிப் பார்ப்பது கூடுதல் முறுக்காகவே சேரும். வேலை முடிந்ததும் பிடியைத் தன் மிகக் குறைந்த அளவுக்குத் தளர்த்தி வைக்க வேண்டும், அந்த ரெஞ்ச்சால் எதையும் கழற்றவும் கூடாது.

துருவேறிய போல்ட்டுகளைப் பொறுத்தவரை, தேய்த்துப் போடுவதை நான் ஏற்கவில்லை. ஏற்கெனவே ஒருமுறை நீட்டப்பட்ட போல்ட்டுகள் அவை. மேனுவலில் உள்ள நீள வரம்பைத் தாண்டியிருந்தால் மரை புதிதுபோல் மின்னினாலும் பயனில்லை, மரை அரிக்கப்பட்டிருந்தால் நீளம் சரியாக இருந்தாலும் பயனில்லை. பத்தையும் புதிதாக வாங்குங்கள். பூட்டும் முன் ஹெட்டின் அடிப்பரப்பில் நேர்விளிம்புச் சட்டத்தை வைத்து ஃபீலர் கேஜால் (இடைவெளியை அளக்கும் மெல்லிய தகடுகள்) சோதியுங்கள், 0.05 மில்லிமீட்டருக்கு மேல் வளைவு இருந்தால் ஹெட்டை மில்லிங் பட்டறைக்கு அனுப்பிச் சமப்படுத்திய பிறகே கேஸ்கெட்டை வையுங்கள்.