ரீபூட்டுக்குப் பிறகு டேட்டா வால்யூம்களைக் காணவில்லை, அவசரம்

பல்லடம் ரோடு:
வணக்கம்ங்க. திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் சர்வர் வேலை பார்க்கிறேன். இன்றைக்கு எங்கள் ஏரியாவில் ஈபி மாதாந்திர ஷட்டவுன். ஜெனரேட்டர் நடுவில் மக்கர் பண்ணி, யூபிஎஸ்ஸும் தீர்ந்து, சர்வர் ரூம் மொத்தமும் அணைந்துவிட்டது. கரண்ட் வந்ததும் சர்வரும் ஸ்டோரேஜ் பெட்டியும் தானாகவே ஆன் ஆகிவிட்டன. சர்வர் ராக்கி லினக்ஸ் 9. லாகின் ஆகிறது, ஆனால் டேட்டா ஃபோல்டர் காலி. டிஸ்க்குகளைப் பட்டியலிடும் எல்எஸ்பிஎல்கே கட்டளை அடித்தால் உள்ளே இருக்கும் எஸ்டிஏ டிஸ்க் மட்டும் தெரிகிறது. ஸ்டோரேஜ் பெட்டியிலிருந்து ஐஸ்கசி (நெட்வொர்க்கில் டிஸ்க்கை இணைக்கும் முறை) வழியாக வரும் எஸ்டிபி, எஸ்டிசி இரண்டும் இல்லை. கம்பெனி நிர்வாக சாஃப்ட்வேரான ஈஆர்பியின் டேட்டாபேஸ், பேக்கிங் லிஸ்ட், இன்வாய்ஸ் எல்லாம் அதில்தான். நாளைக் காலை தூத்துக்குடிக்கு கன்டெய்னர் கிளம்ப வேண்டும். எங்கிருந்து ஆரம்பிப்பது?

பவானிக்கரை:
டிஸ்க்குகளைக் குரூப்பாகச் சேர்த்து வால்யூம்களாகப் பிரிக்கும் எல்விஎம்மின் மெட்டாடேட்டா போயிருக்கும். டிஸ்க்கின் பழைய யூயூஐடியை (அடையாள எண்ணை) வைத்து பிவிகிரியேட் அடித்து லேபிளைத் திரும்ப எழுதி, அப்புறம் குரூப் விவரத்தை மீட்கும் விஜிசிஎஃப்ஜிரெஸ்டோர் போட்டுப் பாருங்க.

சென்னிமலை:
தம்பி, பிவிகிரியேட்டைத் தொடவே தொடாதீங்க. டிஸ்க்கே கண்ணுக்குத் தெரியாதபோது அதன் மேல் இருக்கும் எல்விஎம் லேபிள் போய்விட்டது என்று எப்படிச் சொல்ல முடியும்? அது லேபிள் அழிந்தது உறுதியான பிறகு கையில் எடுக்கும் மருந்து. இப்போதைக்கு டிஸ்க்கில் எதையும் எழுதும் கட்டளை வேண்டாம்.

முதல் வேலை, இன்றைய ராத்திரி பேக்கப்பை நிறுத்துங்க. ஃபைல்களை நகலெடுக்கும் ஆர்சிங்க்கில், மூலத்தில் இல்லாததை நகலிலும் அழிக்கும் டெலீட் ஆப்ஷன் போட்டிருந்தால், காலி ஃபோல்டரைப் பார்த்து பேக்கப்பையும் அப்படியே காலி பண்ணிவிடும். அதற்கு எர்ரர் எதுவும் வராது. பெருந்துறைப் பக்கம் ஒரு மில்லில் இதுதான் நடந்தது. ஸ்டோரேஜ் மறுநாள் பழுதான பிறகுதான் பேக்கப்பைத் திறந்தார்கள், உள்ளே ஒன்றும் இல்லை. குடோன் நூல் ஸ்டாக்கை லாரி பில்களைப் பார்த்துப் பார்த்துத் திரும்ப ஏற்றினார்கள். நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன், அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன். ஈஆர்பி சர்வீஸையும் நிறுத்திவிடுங்க.

அடுத்தது, கீழிருந்து மேலே போங்க. எல்எஸ்பிஎல்கேவிலேயே இல்லை என்றால் குற்றம் எல்விஎம்மில் இல்லை. ஸ்டோரேஜ் ஐபிக்கு பிங் போகிறதா, 3260 போர்ட் திறந்திருக்கிறதா பாருங்க. ஸ்டோரேஜுடன் ஐஸ்கசி செஷன், அதாவது இணைப்பு, ஏதாவது இருக்கிறதா பாருங்க. செஷன் இல்லை என்றால் லாகின் கொடுங்க. டிஸ்க் வந்துவிட்டால், எல்விஎம்முக்கு டிஸ்க்கும் குரூப்பும் தெரிகிறதா என்று காட்டும் பிவிஎஸ், விஜிஎஸ் கட்டளைகளைப் போடுங்க. டிஸ்க் வந்தும் பிவிஎஸ்ஸில் தெரியவில்லை என்றால், 9 வெர்ஷனில் எல்விஎம் தனக்கென்று ஒரு டிவைஸ் லிஸ்ட் ஃபைல் வைத்திருக்கும், அதில் இல்லாத டிஸ்க்கைக் கண்டுகொள்ளாது. எல்விஎம்டிவைசஸ் செக் போட்டால் சொல்லிவிடும்.

எந்த டிஸ்க்கை எந்த ஃபோல்டரில் இணைப்பது (மவுன்ட்) என்று சொல்லும் எஃப்எஸ்டேப் ஃபைலில் அந்த டேட்டா ஃபோல்டரின் லைனையும் இங்கே போடுங்க. அநேகமாக, மவுன்ட் ஆகாவிட்டாலும் பூட்டை நிறுத்தாதே என்று சொல்லும் நோஃபெயில் இருக்கும். இல்லை என்றால் சர்வர் எமர்ஜென்சி மோடில் நின்றிருக்கும்.

பல்லடம் ரோடு:
பேக்கப்பை நேரப்படி தானாக ஓட்டும் கிரானை நிறுத்திவிட்டேன் அண்ணா, ஆர்சிங்க்கில் டெலீட் இருக்கிறது. பிங் போகிறது, போர்ட்டும் திறந்திருக்கிறது. செஷன் ஒன்றுகூட இல்லை. லாகின் கொடுத்தேன், எஸ்டிபியும் எஸ்டிசியும் வந்துவிட்டன! விஜிஎஸ்ஸிலும் குரூப் தெரிகிறது. எஃப்எஸ்டேபில் நோஃபெயில் இருக்கிறது, நெட்வொர்க் வந்த பிறகு மவுன்ட் பண்ணச் சொல்லும் நெட்தேவ் இல்லை. காலி என்று நினைத்த ஃபோல்டரில் ஈஆர்பி இப்போது எழுதிய லாக் ஃபைல்கள் கொஞ்சம் இருக்கின்றன. மவுன்ட் பண்ணட்டுமா?

சென்னிமலை:
நல்லதுங்க. அந்த லாக் ஃபைல்களை முதலில் வேறு இடத்துக்கு நகர்த்துங்க. மவுன்ட் பண்ணினால் அவை அடியில் மறைந்து ரூட் டிஸ்க்கில் இடம் அடைத்துக்கொண்டே கிடக்கும். ஃபோல்டர் காலியானதும், மாற்ற முடியாதபடி பூட்டும் சட்டர் பிளஸ் ஐ கட்டளையை அதன் மேல் போட்டுவிடுங்க. இனி மவுன்ட் ஆகாத நாளில் ரூட்டால்கூட அதில் எழுத முடியாது. மவுன்ட் ஆன பிறகு வழக்கம்போல எழுதலாம். இப்போது விஜிசேஞ்ச் போட்டு குரூப்பை ஆக்டிவ் பண்ணி, மவுன்ட் பண்ணுங்க. டேட்டாபேஸ் லாகைப் படித்துவிட்டு ஈஆர்பியைத் திறங்க. திடீரென்று அணைந்த சர்வர், ரெக்கவரி ஓடி முடியட்டும்.

பவானிக்கரை:
சரிங்க, நான் அவசரப்பட்டுச் சொல்லிவிட்டேன். ஆனால் செஷன் ஏன் தானாக வரவில்லை? ஸ்டார்ட்அப் மேனுவலில் இருக்குமோ?

சென்னிமலை:
அதையும் பார்க்க வேண்டியதுதான், ஆட்டோமேட்டிக்காக இருக்க வேண்டும். ஆனால் இரண்டும் ஒன்றாக ஆன் ஆனதால் எனக்கு வேறு சந்தேகம். ஐஸ்கசி முதல் லாகினுக்கு டிஃபால்ட்டாக 15 செகண்ட் வீதம் 8 தடவை, மொத்தம் 120 செகண்ட் முயலும். இந்த ஸ்டோரேஜ் பெட்டிகள் பல எழுந்திருக்கவே அதற்கு மேல் ஆகும். சர்வர் கைவிட்ட பிறகு ஸ்டோரேஜ் எழுந்திருக்கும். அந்த 8ஐ 40 ஆக்குங்க, 10 நிமிஷம் காத்திருக்கும். கான்ஃபிக் ஃபைலில் மாற்றினால் மட்டும் போதாது, ஏற்கெனவே டிஸ்கவர் பண்ணிய நோடுக்கு (சர்வரில் பதிவான ஸ்டோரேஜ் விவரத்துக்கு) அப்டேட் கட்டளையும் கொடுக்க வேண்டும். எஃப்எஸ்டேபில் நெட்தேவ் சேருங்க. பயாஸில் கரண்ட் வந்த பிறகு தாமதமாக ஆன் ஆகும் வசதி இருந்தால் அதையும் வையுங்க.

பல்லடம் ரோடு:
ஸ்டார்ட்அப் ஆட்டோமேட்டிக்தான் இருக்கிறது. மவுன்ட் ஆகி, ரெக்கவரி முடிந்து, ஈஆர்பி திறந்துவிட்டது. பேக்கிங் லிஸ்ட் பிரின்ட் ஓடிக்கொண்டிருக்கிறது. ரொம்ப நன்றிங்கண்ணா. பேக்கப்பை இன்றைக்கே ஓட விடலாமா?

சென்னிமலை:
ஓட விடுங்க, ஆனால் ஸ்கிரிப்டின் முதல் லைனில் மவுன்ட்பாயின்ட் செக் ஒன்று வையுங்க. மவுன்ட் ஆகவில்லை என்றால் அங்கேயே நின்று உங்களுக்கு மெயில் போட வேண்டும்.