பி2பி-யில் யுஎஸ்டிடி வாங்கினா டிடிஎஸ் யார் கட்டணும்?

கொழிஞ்சாம்பாறை_கடை:
பொள்ளாச்சிக்காரர் ஒருத்தர்கிட்ட ₹80,000-க்கு யுஎஸ்டிடி (டாலர் மதிப்போட ஒட்டி ஓடுற கிரிப்டோ காயின்) வாங்கலாம்னு இருக்கேன். எக்ஸ்சேஞ்ச் இல்லாம ஆளுக்கு ஆள் நேரா (பி2பி), பணம் பேங்க் வழியா. நான் பாலக்காடு மாவட்டம், அவர் தமிழ்நாடு. 1% டிடிஎஸ் (பணம் தரும்போதே பிடிக்கிற வரி) யார் பிடிக்கணும்? கடை விற்றுமுதல் வருசம் 40 லட்சம்.

வரிக்கணக்கு:
வாளையாறு தாண்டினா மாறுறதுக்கு இது மாநில வரி இல்லீங்க. வாங்குற நீங்கதான் பிடிக்கணும், 2026 மார்ச் வரைக்கும் அது பழைய வருமான வரிச் சட்டத்துல பிரிவு 194எஸ். விற்றுமுதல் ஒரு கோடிக்குள்ள இருக்கறதால உங்களுக்கு டிடிஎஸ் இல்லாத வரம்பு ₹50,000. அது ஒரு டீலுக்கு இல்ல, நிதியாண்டு முழுக்கச் சேர்த்து. டான் நம்பர் (வரி பிடிக்கிறவங்களுக்கான எண்) தேவையில்ல.

அவருக்கு ₹79,200 அனுப்பிட்டு, ₹800-ஐ வருமான வரி போர்ட்டல்ல கட்டுங்க, 2026 மார்ச் வரை பிடிச்சதுக்கு 26கியூஇ படிவம். 2026 பிப்ரவரியில பிடிச்சா மார்ச் 30-க்குள்ள. அவரோட பான் கைக்கு வராம பேரம் பேசாதீங்க. பான் இல்லாட்டி 20%, அதாவது ₹16,000 பிடிக்கணும். எந்த ஆளும் ஒத்துக்க மாட்டார். பிடிச்சுட்டுக் கட்டாம விட்டா மாசம் 1.5% வட்டி. தாமதக் கட்டணம் நாளுக்கு ₹200, நாலே நாள்ல வரித்தொகை அளவுக்கு வந்து நின்னுரும்.

மீனாட்சிபுரம்77:
பணத்தை உங்க பேர்ல இருக்கற கணக்குல இருந்தே அனுப்புங்க. பின்னாடி நீங்க விக்கும்போதும் அதே கண்டிப்பு வேணும்: பான்ல ஒரு பேர், பணம் வர்ற கணக்குல வேற பேர்னா காயினை விடாதீங்க, வந்த கணக்குக்கே பணத்தைத் திருப்பிருங்க. அது ஏமாத்தின பணமா இருந்து, பறிகொடுத்தவர் சைபர் மோசடி உதவி எண் 1930-க்குக் கூப்பிட்டா, உங்க கணக்குல லீன் (பணத்தை எடுக்க முடியாத தடை) விழும். விழுந்தா பேங்க்ல புகார் எண்ணும் எந்த ஸ்டேஷன்னும் கேட்டு, ஸ்டேட்மென்ட், வாலட் பரிமாற்ற ஐடி, பேசின சாட் மூணையும் அங்க அனுப்புங்க. கணக்கு மொத்தத்தையும் முடக்கிட்டா, புகார்ல சொன்ன தொகையை மட்டும் நிறுத்தினாப் போதும்னு கேரள உயர் நீதிமன்றம் 2023-ல சொன்னதை எடுத்துக் காட்டுங்க.

கொழிஞ்சாம்பாறை_கடை:
நன்றிங்க ரெண்டு பேருக்கும். நட்டம் வந்தா கழிச்சுக்கலாமா?

வரிக்கணக்கு:
முடியாது. ஒரு காயின்ல ₹40,000 லாபம், இன்னொண்ணுல ₹25,000 நட்டம்னாலும் வரி முழு நாப்பதாயிரத்துக்கும்தான்: 30% ₹12,000, செஸ் ₹480. வாங்கின விலை தவிர வேற செலவு கழியாது. நட்டத்தை அடுத்த வருசத்துக்குக் கொண்டுபோகவும் வழியில்ல. இதைவிடக் கெடுபிடியான கணக்கு நம்ம வரிச் சட்டத்துல அபூர்வம்.

கடைக்கு ஐடிஆர்-4 (சின்ன வியாபாரத்துக்கான வருமான வரிக் கணக்குப் படிவம்) போடுறவரா இருந்தா, காயின் வித்த வருசம் அது செல்லாது. ஐடிஆர்-3 எடுத்து, விடிஏ (கிரிப்டோ மாதிரி டிஜிட்டல் சொத்து) அட்டவணையில ஒவ்வொரு விற்பனைக்கும் வாங்கின தேதி, வித்த தேதி, ரெண்டு விலையும் தனித்தனியா எழுதணும்.